ரேஞ்ச் குக்கர் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஞ்ச் குக்கர் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது, எத்தனை பர்னர் இருந்தால் நல்லது என்பதைத்தான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உங்கள் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தின் அகலம் எத்தனை செ.மீ.? யாருக்கும் தெரிந்திருப்பதில்லை. அளந்துவிட்டு வரச் சொல்வேன். அளந்து வருகிறவர்களுக்குப் பாதிக் கேள்விகள் தானாகவே தீர்ந்துபோகும். மீதிப் பாதிக்கான பதில்கள் கீழே.

ரேஞ்ச் குக்கர் என்பது சரியாக என்ன?

குக்கர் என்றதும் விசில் அடிப்பதை நினைக்க வேண்டாம். மேலே அடுப்பும் கீழே ஓவனும் ஒரே உடலாகச் சேர்ந்து, தரையில் தன் காலில் நிற்கும் அடுப்புதான் ரேஞ்ச். மேடையில் வெட்டிப் பதிக்கும் அடுப்பான ஹாப், சுவரில் பொருத்தும் ஓவன் என்று தனித்தனியாக வாங்குவதற்கு மாற்று இது. பெரும்பாலானவற்றில் கிரில்லும் உண்டு, அடியில் தட்டுமுட்டு வைக்க ஒரு இழுப்பறையும் உண்டு. கால்களைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், சுமார் 90 செ.மீ. உயரமுள்ள மேடையோடு சமமாக நிறுத்த முடியும்.

எனக்கு இது தேவைதானா?

ஓவனை மாதம் ஒருமுறைதான் தொடுவீர்கள் என்றால் தேவையில்லை. நல்ல ஹாப் ஒன்றும், மேடையில் வைக்கும் சிறிய ஓவனும் போதும். ரேஞ்சில் மறைந்திருக்கும் சங்கடம் ஒன்றைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்: ஓவன் முழங்கால் உயரத்தில் இருக்கும். சூடான, கனமான தட்டைக் குனிந்து எடுக்க வேண்டும். முதுகு வலி, முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. கடையில் ஓவன் கதவைத் திறந்து, கையில் ஐந்து கிலோ இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருமுறை குனிந்து நிமிர்ந்து பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுப்பும் ஓவனும் ஒரே நேரத்தில் ஓடும் சமையல் உங்களுடையது என்றால், அல்லது ஒரே சமயத்தில் மூன்று பெரிய பாத்திரம் ஏற்றுகிறவர் என்றால், ரேஞ்ச் உங்களுக்குப் பொருந்தும்.

எந்த அகலம் வாங்குவது?

சந்தையில் பரவலாகக் கிடைப்பவை 60, 90, 100, 110, 120 செ.மீ. அங்குலக் கணக்கில் விற்கும் இடங்களில் 30, 36, 48 அங்குலம். 36 அங்குலம் என்பது 91.4 செ.மீ. 90 செ.மீ. இடைவெளியில் அது நுழையாது. இறக்குமதி மாடல் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றரை செ.மீ.யில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அகலம் கூடினால் மேடை குறையும். காய் நறுக்கும் இடத்தைத் தின்று வளரும் அடுப்பு நாளடைவில் எரிச்சலைத்தான் தரும். அடுப்புக்கு இரு பக்கமும், இறக்கிய பாத்திரத்தை வைக்கும் அளவுக்காவது மேடை மிஞ்ச வேண்டும். ஒரு பக்கம் சுவர் வந்தால், அந்தப் பக்கப் பர்னரில் அகலமான பாத்திரம் வைக்க முடியாது. எரியக்கூடிய சுவர், அலமாரி எதுவாக இருந்தாலும், நிறுவனம் தன் கையேட்டில் சொல்லும் இடைவெளியை விட்டே ஆக வேண்டும்.

ஆழத்தையும் கவனியுங்கள். 60 செ.மீ. என்று எழுதியிருக்கும். ஆனால் கைப்பிடியும் குமிழ்களும் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓவன் கதவைக் கீழ்நோக்கித் திறந்தால் இன்னும் ஏறக்குறைய அரை மீட்டர் முன்னால் வரும். அதற்குப் பின்னால் நீங்கள் நிற்க வேண்டும். எதிரே மேடை இருந்தால் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நின்று பாருங்கள்.

பர்னர் ஐந்து போதுமா, ஆறு வேண்டுமா?

எண்ணிக்கையை மறந்துவிட்டு இடைவெளியைப் பாருங்கள். ஒரு பர்னரின் நடுவிலிருந்து அடுத்த பர்னரின் நடுவுக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. 30 செ.மீ. அகலப் பாத்திரம் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்க, அந்த நடுத்தூரம் 30 செ.மீ.க்கு மேல் இருந்தாக வேண்டும். ஒரே 90 செ.மீ. அகலத்தில் ஆறு பர்னரை நெருக்கி வைத்தால், இரண்டு பெரிய பாத்திரம் ஏறியதும் மற்ற இரண்டு பர்னர் வெறும் அலங்காரம். ஐந்து பர்னர் மாடலில் நடுவே ஒரு பெரிய பர்னர், மூலைக்கு ஒன்றாக நான்கு. பல வீடுகளுக்கு இந்த அமைப்புத்தான் வசதி.

நான் செய்த வேலையைச் சொல்கிறேன். தினமும் எடுக்கும் நான்கு பாத்திரங்களைப் பழைய அட்டைப்பெட்டி மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, வட்டங்களை வெட்டி எடுத்தேன். பாத்திரத்தின் அடியை அல்ல, அதன் அகலமான பகுதியை அளந்தேன், கைப்பிடியையும் சேர்த்து. அந்த நான்கு அட்டைகளோடு கடைக்குப் போய், பர்னர்கள் மேல் பரப்பினேன். மனதில் முடிவு செய்து வைத்திருந்த ஆறு பர்னர் மாடலில் நான்கு அட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. பத்தே நிமிடத்தில் முடிவு மாறியது.

கேஸா, மின்சாரமா, இரண்டும் கலந்ததா?

மேலே கேஸ், கீழே மின் ஓவன் என்பது 'டூயல் ஃப்யூயல்'. மேலும் கீழும் கேஸ் என்ற வகை உண்டு. முழுக்க மின்சாரம் என்றால், மேலே இண்டக்ஷனோ, கண்ணாடிக்கு அடியில் கம்பி சிவந்து எரியும் செராமிக்கோ இருக்கும். இந்த நான்கில் செராமிக்கை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். பால் பொங்கும்போது அணைத்தாலும் பொங்கிக்கொண்டே இருக்கும்.

கேஸா இண்டக்ஷனா என்ற சண்டையில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கேஸ் தீயின் சூட்டில் பாதிக்கும் மேல் பாத்திரத்தின் பக்கவாட்டில் காற்றோடு போய்விடுகிறது. 40 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், 3 கிலோவாட் பர்னர் தருவது 1.2 கிலோவாட். இண்டக்ஷனில் 85 சதவீதம் என்று வைத்தால், 2 கிலோவாட் வளையம் தருவது 1.7 கிலோவாட். 25 டிகிரியில் இருக்கும் 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க முதலாவதுக்கு ஏறக்குறைய 9 நிமிடம், இரண்டாவதுக்கு 6 நிமிடம். ஆகவே விளம்பரத்தில் இருக்கும் கிலோவாட் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு கணக்கு.

வேகத்திலும், சமையலறை சூடாகாமல் இருப்பதிலும், துடைக்கும் சுலபத்திலும் இண்டக்ஷன் ஜெயிக்கும். குழிந்த அடி உள்ள பாத்திரத்தைப் பக்கவாட்டிலும் தீ நக்க வேண்டும் என்றால், தீயைக் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைத்தே பழகியிருந்தால், அடிக்கடி மின்வெட்டு என்றால், கேஸ். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இதில் யாரும் யாரையும் மாற்ற வேண்டியதில்லை.

இண்டக்ஷன் ரேஞ்ச் வாங்கினால் இருக்கும் பாத்திரங்களை எல்லாம் தூக்கிப் போட வேண்டுமா?

ஒரு காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் வேலை செய்யும். வார்ப்பிரும்பு, இரும்பு, எனாமல் பூசிய இரும்பு எல்லாம் ஓடும். வெறும் அலுமினியம், தாமிரம், பித்தளை, மண், கண்ணாடி ஓடாது. எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது. அடி தட்டையாகவும் இருக்க வேண்டும்.

கடையில் சொல்லாத இன்னொன்று: ஒரே நேரத்தில் எல்லா வளையங்களையும் முழு வேகத்தில் வைக்க முடியாது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு வளையங்கள் ஒரே மின்பகுதியைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றில் 'பூஸ்ட்' அழுத்தினால் மற்றது தானே இறங்கும். எவை எவற்றோடு ஜோடி என்பது கையேட்டில் இருக்கும், வாங்கும் முன்பே பாருங்கள். வீட்டில் யாருக்காவது இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால், மருத்துவரிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

சிலிண்டர் கேஸுக்கும் குழாய் கேஸுக்கும் ஒரே ரேஞ்ச் ஓடுமா?

அப்படியே ஓடாது. ஒரே அளவு கன மீட்டரில், சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி.யின் எரிசக்தி குழாயில் வரும் இயற்கை எரிவாயுவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் எல்.பி.ஜி. பர்னரின் ஜெட்டில், அதாவது கேஸ் வெளிவரும் மூக்கில், துளை சிறியது. இயற்கை எரிவாயு ஜெட்டோடு எல்.பி.ஜி.யை இணைத்தால் தீ மஞ்சளாக, உயரமாக எழுந்து பாத்திரம் கரி பிடிக்கும். அது ஆபத்தும்கூட. மாற்றி இணைத்தால் தீ சோனியாக எரியும். பல ரேஞ்சுகளோடு மாற்று ஜெட்டுகள் ஒரு சின்னப் பொட்டலத்தில் வரும். மாற்றுவது தகுதி பெற்ற கேஸ் பணியாளரின் வேலை. கூடவே சிம் அளவையும் திருத்தச் சொல்லுங்கள். பலர் ஜெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு சிம்மில் வைத்தாலும் அடிப்பிடிக்கிறது என்று புகார் வரும்.

கசிந்தால் இரண்டும் போகும் திசையும் வேறு. இயற்கை எரிவாயு மேலே ஏறும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். கேஸ் டிடெக்டர் வைப்பதாக இருந்தால் இதைப் பார்த்து உயரம் தீர்மானியுங்கள்.

பெரிய பர்னர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

சிறிய பர்னர் சுமார் 1 கிலோவாட், நடுத்தரம் 1.75, பெரியது 3, இரட்டை வளையம் உள்ளது 3.5 முதல் 5 வரை. பி.டி.யு. என்ற வேறு வெப்ப அலகில் (மணிக்கு இவ்வளவு என்று) எழுதியிருந்தால் 3,412 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். எல்லோரும் பெரிய பர்னரைத்தான் விசாரிப்பார்கள். நான் சிறியதை விசாரிக்கச் சொல்வேன். தினசரிச் சமையலில் வருத்துவது போதாத தீயைவிடக் குறையாத தீதான். கடையில் பர்னரை ஏற்றிக் காட்டினால், சிம்மில் வைத்து, பக்கத்தில் உள்ள அலமாரிக் கதவைச் சட்டென்று சாத்துங்கள். அந்தக் காற்றுக்கே அணைந்தால் வேண்டாம்.

ஓவன் ஒன்றா, இரண்டா?

90 செ.மீ. ரேஞ்சில் இரண்டு வகை. முழு அகலத்துக்கும் ஒரே பெரிய ஓவன், அல்லது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. பெரிய ஒற்றை ஓவன் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு ரொட்டி சுடுவதற்கும் அத்தனை கொள்ளளவையும் சூடாக்க வேண்டும். இரண்டு ஓவன் இருந்தால் ஒன்றில் 220 டிகிரி, மற்றதில் 150 என்று வைக்கலாம். சாதாரண நாளில் சிறியதை மட்டும் ஏற்றலாம். நான் இரண்டு ஓவன் கட்சி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 90 செ.மீ.யை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் குறுகலாகிவிடும். பழைய 60 செ.மீ. அடுப்பின் ஓவனில் போய் வந்த தட்டு இதில் நுழையாமல் போகலாம். லிட்டர் கணக்கில் ஏமாற வேண்டாம், உயரத்தைக் கூட்டியும் லிட்டரைக் காட்டலாம். உள் அகலத்தைச் செ.மீ.யில் கேளுங்கள், அல்லது தட்டையே கையில் எடுத்துப் போங்கள். மேலே சொன்னபடி பாத்திர அட்டைகளை எடுத்துப் போனவர்களுக்கு இது ஒரு பாரமா என்ன!

கேஸ் ஓவனா, மின் ஓவனா? ஃபேன் வேண்டுமா?

கேஸ் எரியும்போது நீராவி உண்டாகும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீருக்குச் சமமான ஆவி. அதனால் கேஸ் ஓவனின் சூடு ஈரமானது. சமைப்பது உள்ளே வறண்டு போகாது, ஆனால் மேல்தோல் மொறுமொறுவென்று வர நேரம் பிடிக்கும். மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் சூட்டில் வித்தியாசமும் இருக்கும். மின் ஓவன் வறண்ட சூடு, சீரான சூடு. கேக், பிஸ்கட் சுடுகிறவர்களுக்கு அதுதான் சரி.

ஃபேன் சூட்டைச் சுற்றிச் செலுத்துவதால் இரண்டு மூன்று தட்டுகள் ஒன்றாக வேகும். குறிப்பில் 180 டிகிரி என்றிருந்தால், ஃபேன் ஓடும்போது 160 வைத்தால் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு மேல் கீழ்க் கம்பிகளை மட்டும் ஏற்றும் வசதியும் இருக்க வேண்டும், மென்மையான மாவுக்குக் காற்று ஆகாது. எந்த ஓவன் வாங்கினாலும் உள்ளே தொங்கவிடும் ஒரு சிறிய வெப்பமானியும் வாங்கிவிடுங்கள். குமிழில் உள்ள எண்ணும் உள்ளே உள்ள சூடும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

வயரிங் மாற்ற வேண்டுமா?

முழு மின் ரேஞ்ச் என்றால் பெரும்பாலும் மாற்ற வேண்டும். 230 வோல்ட் உள்ள இடத்தில் 32 ஆம்பியர் இணைப்பு தருவது 7,360 வாட். இரண்டு ஓவனும் ஐந்து இண்டக்ஷன் வளையமும் உள்ள ரேஞ்சின் முழுச் சுமை இதைத் தாண்டிவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது என்பதை எலக்ட்ரீஷியன் கணக்கில் எடுத்துக்கொள்வார். அந்தக் கணக்கை அவரே போடட்டும். ரேஞ்சுக்கென்று தனி வயர், சுமை மீறினால் தானே மின்சாரத்தை நிறுத்தும் தனி எம்.சி.பி., கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச் வேண்டும். முன்பணம் கட்டும் முன்பே அவரை அழைத்து வந்து காட்டுங்கள்.

சிம்னி அவசியமா?

கேஸ் என்றால் என் பதில் ஆம். எண்ணெய்ப் பிசுக்குக்காக மட்டுமல்ல. கேஸ் தீயிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் வரும். புகையை வெளியே தள்ளும் சிம்னி வேண்டும். கரி வடிகட்டி வழியாகக் காற்றை மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகை, வாடையைக் குறைக்குமே தவிர ஈரத்தையும் கார்பன் மோனாக்சைடையும் போக்காது.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு: சமையலறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, 10 ஆல் பெருக்குங்கள். 4 மீட்டர், 3 மீட்டர், 2.5 மீட்டர் என்றால் 30 கன மீட்டர், ஆக மணிக்கு 300 கன மீட்டராவது இழுக்க வேண்டும். நீளமான, வளைவுகள் உள்ள குழாய் என்றால் கூடுதலாக வையுங்கள். சிம்னியின் அகலம் ரேஞ்சின் அகலத்துக்குக் குறையக் கூடாது. 90 செ.மீ. ரேஞ்சுக்கு மேல் 60 செ.மீ. சிம்னி தொங்கினால், ஓரப் பர்னர்களின் ஆவி எல்லாம் அலமாரிக்குத்தான் போகும்.

பாதுகாப்பில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது?

இரண்டு விஷயம். ஒன்று, தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் கருவி. பர்னர் ஓரத்தில் விரல் நுனி போல ஒரு சின்னக் கம்பி நிற்கும். தெர்மோகப்பிள் என்பது அதன் பெயர். தீயில் அது சூடாகும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகி, வால்வைத் திறந்து பிடித்திருக்கும். பொங்கி வழிந்து தீ அணைந்தால் கம்பி ஆறும், வால்வு மூடிக்கொள்ளும். பற்றவைத்த பிறகும் குமிழைச் சில விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வது அந்தக் கம்பி சூடாகத்தான். இது ஓவனில் மட்டுமல்ல, மேலே உள்ள ஒவ்வொரு பர்னரிலும் இருக்க வேண்டும்.

இரண்டு, சாயாமல் தடுக்கும் சங்கிலி அல்லது கொக்கி. திறந்த ஓவன் கதவில் ஒரு குழந்தை ஏறி நின்றால், நூறு கிலோ ரேஞ்சும் முன்னால் சாயும், மேலே கொதிப்பதும் கூடவே வரும். அந்தக் கொக்கி பெட்டிக்குள்ளேயே இருக்கும். பொருத்த வந்தவர் அதை மாட்டாமல், 'இது எக்ஸ்ட்ரா' என்று மேடையில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். என் வீட்டிலும் அதுதான் நடந்தது. திரும்ப அழைத்து மாட்ட வைத்தேன்.

சுத்தம் செய்ய எது சுலபம்?

'பைரோலிடிக்' ஓவன் தன்னைத்தானே 500 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அழுக்கைச் சாம்பலாக்கிவிடும், துடைத்து எடுத்தால் போதும். 'கேடலிடிக்' என்றால் பக்கவாட்டுத் தகடுகள் மட்டும் எண்ணெயை உறிஞ்சி எரிக்கும், அடித்தரையை நீங்கள்தான் தேய்க்க வேண்டும். மேலே வார்ப்பிரும்புத் தாங்கிகள் உறுதியானவை, கனமானவை. வாரம் ஒருமுறை அவற்றைத் தூக்கிக் கழுவப் போவது யார் என்று யோசித்து வாங்குங்கள்.

எப்போதும் சூடாகவே இருக்கும் வார்ப்பிரும்பு ரேஞ்ச் எப்படி?

'ஆகா' (AGA) என்ற பெயரில் புகழ்பெற்ற வகை. விபத்தில் பார்வையிழந்த, 1912-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஸ்வீடன் நாட்டவர் குஸ்தாஃப் தாலேன் 1922-இல் உருவாக்கியது. இரும்புத் திணிவுக்குள் சூட்டைச் சேமித்து வைத்து, ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு சூட்டில் நாள் முழுக்கக் காத்திருக்கும். அருமையான யோசனைதான், குளிர்ந்த வீட்டில். வெயில் கொளுத்தும் இடத்தில் அடுப்பை அணைக்காமல் வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் கொண்டுவருவதில் என்ன சிக்கல் வரும்?

90 செ.மீ. ரேஞ்ச் பெரும்பாலும் நூறு கிலோவை ஒட்டி இருக்கும். வாசல், படிக்கட்டு, லிஃப்ட், முக்கியமாகத் திருப்பங்கள் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். நான் வாசலை அளந்தேன், சமையலறைக் கதவை அளந்தேன், நடுவே இருக்கும் நடைவழியின் முடுக்கை அளக்கவில்லை. 90-க்கு 65 செ.மீ. பெட்டியைத் திருப்ப, மூலைக்கு மூலை 111 செ.மீ. வேண்டும். நான்கு பேர் மூச்சிரைக்க நின்றார்கள். கடைசியில் ஓவன் கதவுகளையும் சமையலறைக் கதவையும் கீலோடு கழற்றித்தான் உள்ளே போனது.

பொருத்தியதும் முதலில் என்ன செய்வது?

கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீ நீலமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பர்னரையும் ஏற்றிப் பாருங்கள். ஓவனுக்குள் உள்ள அட்டை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, காலியாகவே ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். தொழிற்சாலை எண்ணெய் எரிந்து நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம்.

பிறகு ரேஞ்ச் சமமாக நிற்கிறதா என்பதை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால், தட்டையான வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றிப் பர்னர் மேல் வையுங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால் வாணலியை அரைச்சுற்றுத் திருப்புங்கள். எண்ணெய் மறுபடியும் அதே சுவர்ப் பக்கமே போனால் ரேஞ்சின் காலைத் திருக வேண்டும். வாணலியோடு சேர்ந்து அதுவும் திரும்பினால் கோணல் வாணலியில்தான்.